காரணம் எழுதும் வடிகட்டி

மின்னஞ்சலை வடிகட்டிப் பிரிக்கும் புரோக்மெயில் நிரலுக்கு ஒருவர் எழுதிய விதிக் கோப்பு கைக்கு வந்தால் என் கண் முதலில் விதிகளுக்குப் போவதில்லை. தலையில் நிற்கும் மாறிகளுக்குத்தான் போகும். நடந்ததைப் பதியும் கோப்பின் பெயரைச் சொல்லும் லாக்ஃபைல் என்ற வரி இருக்கிறதா, இருந்தால் எத்தனையாவது வரி என்று பார்ப்பேன். எழுதியவரின் கை அங்கேயே தெரிந்துவிடும். அஞ்சல் அடைவைச் சொல்லும் மெயில்டைர் வரிக்குக் கீழே லாக்ஃபைல் வந்தால் கையேட்டைப் பொறுமையாகப் படித்தவர். மேலே வந்து, அதுவும் பாதை இல்லாமல் வெறும் பெயராக நின்றால், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கோப்பு. புரோக்மெயில் மேலிருந்து கீழாக, அந்தந்த வரியை அந்தந்த நொடியிலேயே நிறைவேற்றிக்கொண்டு போகும் நிரல். மெயில்டைருக்கு மதிப்புக் கொடுத்த கணமே அது அந்த அடைவுக்குள் போய் நின்றுகொள்கிறது. அதற்கு முன்னால் பெயர் சொன்ன லாக் கோப்பு வீட்டு அடைவில் விழும். பின்னால் சொன்னது அஞ்சல் அடைவில் விழும். பெயரே சொல்லாவிட்டால் நிரல் சொல்ல வந்ததெல்லாம் பிழை வெளியீட்டு வழியே அஞ்சல் சேவையகத்திடம் போகும். அங்கே அதைப் படிக்க ஆள் இருக்காது.

எனக்குப் பிடித்த வரிசை: ஷெல், பாத், மெயில்டைர், டிஃபால்ட், லாக்ஃபைல், அதன்பின் என்எல். ஷெல் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. சி-ஷெல்லில் பழகியவர்களின் கணக்கில் ஷெல் மாறி அதையே எடுத்துக்கொள்ளும். பிறகு பின்மேற்கோளுக்குள் எழுதிய கட்டளைகளும் குழாய்களும் எதிர்பாராத விதமாக நடந்துகொள்ளும். ஸ்லாஷ்-பின்-எஸ்ஹெச் என்று முதல் வரியிலேயே கட்டிப்போட்டால் பாதி வம்பு தீர்ந்தது. யூமாஸ்க்கை நான் தொடுவதில்லை. 077 என்று அதுவே வைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்தவர் என் லாக்கைப் படிக்கக் கூடாது என்பதில் அதற்கு என்னைவிட அக்கறை அதிகம்.

என்எல் என்ற மாறியை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அதற்குள் இருப்பது ஒரே ஒரு புதுவரிதான். மேற்கோளைத் திறந்து, எண்டர் தட்டி, அடுத்த வரியில் மேற்கோளை மூடுகிறோம். பார்ப்பவருக்கு யாரோ பாதியில் விட்டுப்போன வரி போலத் தெரியும். ஆனால் லாக் என்ற மாறியை முறையாகக் கையாள்பவர்கள் எல்லோருடைய கோப்பிலும் அது இருக்கும். நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அந்த லாக் மாறிக்காகத்தான். மற்றவை எல்லாம் அதற்குப் போகும் வழி.

மற்ற மாறிகளுக்கு மதிப்புக் கொடுத்தால் அவை வைத்துக்கொள்ளும். லாக்குக்கு மதிப்புக் கொடுத்தால் அந்த மதிப்பு அந்த நொடியே லாக் கோப்பின் கடைசியில் போய் எழுதப்படும். அச்சிடு என்று தனிக் கட்டளை கிடையாது; சமக்குறிதான் கட்டளை. கூட ஓர் எழுத்தும் சேர்க்காது, குறைக்காது. புதுவரிகூட நாம் கொடுத்தால்தான். அதனால்தான் கடைசியில் டாலர்-என்எல் வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அடுத்த செய்தி அதே வரியில் வந்து ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு நேரான ஏற்பாட்டை வேறெந்த வடிகட்டி மொழியிலும் நான் பார்க்கவில்லை. எக்ஸிம் அஞ்சல் சேவையகத்தின் வடிகட்டியில் லாக்ரைட் என்று தனிக் கட்டளை உண்டு. கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹேசல் செய்த நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதில் எழுதும்போது எனக்கு அறிக்கை தயாரிப்பது போல இருக்கும். புரோக்மெயிலின் லாக்கில் எழுதும்போது நிரலோடு சேர்ந்து நானும் நினைப்பது போல இருக்கும்.

புரோக்மெயிலைத் தொடங்கியவர் ஸ்டீபன் வான் டென் பெர்க். 1990-ல், ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எழுதினார். விதியின் தலையில் நாம் இன்றும் பூஜ்யம் போடுகிறோமே, அது அந்தக் காலத்து எச்சம். அப்போதெல்லாம் முக்காற்புள்ளிக்குப் பின்னால் எத்தனை நிபந்தனை வருகிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். நட்சத்திரக் குறி வந்தபின் எண்ண வேண்டியதில்லை என்பதற்கு அடையாளமாகப் பூஜ்யம் நின்றுவிட்டது. அவர் சி மொழியில் எழுதிய மூல நிரலைப் படிப்பது கடினம். அவரை மெச்சுகிறவர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்த நிரல் எழுதித் தரும் லாக்கைப் படிப்பது இன்பம். விரிவான பதிவைத் தரும் வெர்போஸ் மாறியை இயக்கிவிட்டால் முதல் வரியில் செயல் எண்ணும் நாளும் நேரமும். அதன்பின் எந்த மாறிக்கு என்ன மதிப்பு ஏறியது, எந்த நிபந்தனை பொருந்தியது, எது பொருந்தவில்லை, எந்தப் பூட்டுக் கோப்பு போடப்பட்டது, எது திறக்கப்பட்டது என்று வரிவரியாக வரும். பொருந்தியதைச் சொல்ல எல்லா நிரலுக்கும் தெரியும். பொருந்தாததையும் அதே அளவு மரியாதையோடு, அதே நீள வரியில் எழுதி வைக்கும் பழக்கம் அபூர்வம்.

மதிப்பெண் விதிகளை எழுதிப் பார்த்தவர்களுக்கு இன்னொரு சுகமும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே இரண்டு எண்கள் வரும்: இந்த நிபந்தனை எவ்வளவு தந்தது, இதுவரை மொத்தம் எவ்வளவு. கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் பற்றும் இருப்பும் வருவது போல வரிசை தப்பாமல் இறங்கும். ஒரு மடலை ஏன் குப்பைக்கு அனுப்பினாய் என்று கேட்டால், 'எடுத்துப் பாருங்கள், கூட்டல் சரியா என்று சொல்லுங்கள்' என்று நம் முன்னால் வைக்கிறது. கற்றுக்கொள்ளும் வடிகட்டிகள் வந்துவிட்ட காலத்திலும் இந்த இரண்டு எண்களுக்கு ஈடாக எதையும் நான் காணவில்லை.

வெர்போஸை எப்போதும் இயக்கியே வைத்திருப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. அவர்களுடைய லாக்கில் எல்லாம் இருக்கும். தேடினால் ஒன்றும் கிடைக்காது. தேர்ந்த கை செய்வது வேறு. சந்தேகமான விதிக்கு ஒரு வரி மேலே ஆன், ஒரு வரி கீழே ஆஃப். மாறி என்பதால் எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம், எங்கே வேண்டுமானாலும் மூடலாம். ஒரே நேரத்தில் இரண்டு மடல்கள் வந்து இரண்டின் வரிகளும் பின்னிக்கொள்வது புரோக்மெயிலின் உண்மையான குறை. செயல் எண் தேதி வரியில் மட்டும்தான் வருகிறது. நடுவே வரும் வரி யாருடையது என்று தெரியாது. அதற்கும் மருந்து லாக்தான். இரட்டை டாலர் செயல் எண்ணைத் தரும். டாலர்-அடிக்கோடு இப்போது ஓடும் விதிக் கோப்பின் பெயரைத் தரும். டாலர்-சமக்குறி கடைசி விதி பெற்ற மதிப்பெண்ணைத் தரும். மூன்றையும் சேர்த்து ஒரு வரி எழுதினால் எந்த மடல், எந்தக் கோப்பில், எத்தனை மதிப்பெண்ணோடு என்று வந்துவிடும். இன்க்ளூட்ஆர்சி போட்டுப் பல கோப்புகளாகப் பிரித்து எழுதுபவர்களுக்கு இந்த வரி இல்லாமல் வாழ்க்கையே இல்லை.

நான் இதைப் படித்துக்கொண்ட இடம் போடிநாயக்கனூர். கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. டயல்-அப் காலம். ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒரு அலுவலகத்தில் லினக்ஸ் பெட்டி ஒன்று வைத்திருந்தோம். தொலைபேசி இணைப்பு கிடைத்ததும் ஃபெட்ச்மெயில் மடல்களை இழுத்து வந்து புரோக்மெயிலிடம் கொடுக்கும். மலைப்பக்கம் இடி விழுந்தால் இணைப்புப் போகும், காற்றடித்தால் கரண்ட் போகும். திரும்பி வரும்போது நாள் முழுவதும் தேங்கிய மடல்கள் மொத்தமாகக் கொட்டும். வளைகுடா வியாபாரிகள் விலை கேட்டு எழுதியது, குவாத்தமாலா காய் என்ன விலைக்குப் போகிறது என்று தரகர் எழுதியது, ஏலத் தேதி அறிவிப்பு, வங்கிக் கடிதம், இவற்றோடு கலந்து குப்பை. எது எங்கே போனது என்று அந்த நேரத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பின்னால் லாக்கைத்தான் படிக்க வேண்டும்.

அங்கே காய் தரம் பிரிக்கும் பொறுப்பில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லோருக்கும் அண்ணாச்சி. கணினிப் பக்கம் வரமாட்டார். ஒரு நாள் வந்து நின்று நான் செய்வதைப் பார்த்தார்.

"என்ன தம்பி பண்றீக?"

"வர்ற மெயிலத் தரம் பிரிக்கிறேன் அண்ணாச்சி. சல்லடை மாதிரிதான்."

"சல்லடை எல்லா எடத்துலயும் இருக்கு. எட்டு மில்லி மேல நிக்கும், ஏழு மில்லி கீழ விழும். பெறகு மூட்டைக்குள்ள சீட்டுப் போடுவோம்ல, யாரு காயி, எந்தச் சல்லடை, யாரு பொறுக்குனா, எம்புட்டு எடைன்னு. சீட்டு இல்லாத மூட்டைய ஏலத்துல எவன் தொடுவான்? ஒங்க மெயிலுக்குச் சீட்டு எங்க?"

சீட்டு இருந்தது. லாக்அப்ஸ்ட்ராக்ட் தரும் மூன்று வரிகளைத் திரையில் காட்டினேன்: யாரிடமிருந்து, பொருள் என்ன, எந்த ஃபோல்டர், எத்தனை பைட். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "யாரு பொறுக்குனான்னு இல்லையே" என்றார். எந்த விதி இந்த மடலை இங்கே தள்ளியது என்பது அந்த மூன்று வரிகளில் கிடையாதுதான். ஃபோல்டரை வைத்து ஊகிக்கலாம். ஒரே ஃபோல்டருக்கு ஐந்து விதிகள் மடல் தள்ளினால் ஊகமும் உதவாது. அன்று முதல் என் ஒவ்வொரு விதிக்குள்ளும் ஒரு லாக் வரி உண்டு. விதியின் பெயர், காரணம், டாலர்-என்எல். விதியைத் தனி வரியாக எழுதாமல் சுருள் அடைப்புக்குள் எழுதும் பழக்கமும் அதிலிருந்து வந்ததுதான். அடைப்புக்குள் முதலில் காரணம், பிறகு ஃபோல்டர்.

இனி மேட்ச் மாறி. நிபந்தனைக்கு நடுவே பின்சாய்கோடும் முன்சாய்கோடும் சேர்த்துப் போட்டால், அதற்கு வலப்பக்கம் பொருந்தியது முழுக்க மேட்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இடப்பக்கம் எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவு எடுக்கும், வலப்பக்கம் எவ்வளவு அதிகமாக எடுக்க முடியுமோ அவ்வளவு எடுக்கும். இந்தச் சமனில்லாத பசியைப் புரிந்துகொண்டவர்கள் ஒற்றை வரியில் லாட் எண்ணைப் பிரித்தெடுத்துவிடுவார்கள். ஆனால் மேட்சை அப்படியே ஃபோல்டர் பெயராக வைப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறும். அதற்குள் இருப்பது அனுப்பியவர் எழுதிய எழுத்து. முன்சாய்கோடு வைத்து அனுப்பினால் மடல் எந்த அடைவுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? எடுத்ததை இன்னொரு மாறியில் வைத்து, எழுத்தும் எண்ணும் மட்டும்தான் இருக்கின்றனவா என்று இரட்டைக் கேள்விக்குறி நிபந்தனையால் சோதித்து, சோதனை முடிவை லாக்கில் எழுதிவிட்டு, பிறகுதான் ஃபோல்டருக்குப் போக வேண்டும். இந்த நான்கு படியில் ஒன்றைத் தாண்டியவரை நான் நல்ல கைக்காரர் என்று சொல்லமாட்டேன்.

தமிழில் மடல் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கலையில் தனியாக ஓர் அறை இருக்கிறது. யூனிகோடுக்கு முந்திய காலத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பாலா பிள்ளை 1995-ல் தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவும், கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் மின்னஞ்சலில்தான் வளர்ந்தன. அன்றைய மடல்களில் எழுத்துருக் குறியீடு பலவகை. டிஸ்கியில் ஒருவர் எழுதுவார். 1999-ல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் முறைகளில் இன்னொருவர் எழுதுவார். சொல்லை வைத்து வடிகட்ட முடியாது. தலைப்பகுதியில் என்ன குறியீடு என்று போட்டிருக்கிறதோ அதை வைத்துத்தான் பிரித்தோம். லாக்கைத் திறந்தால் பொருள் வரி ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளின் காடாக இருக்கும். அதைப் பார்த்தே இது டிஸ்கி, இது டாப் என்று சொல்லக்கூடிய கண்கள் அன்று பலருக்கு இருந்தன.

யூனிகோடு வந்தபின் காடு அழிந்தது, வேறொன்று முளைத்தது. தமிழில் எழுதிய பொருள் வரி தலைப்பகுதியில் பேஸ்64 முறையில் மூட்டை கட்டி வருகிறது. புரோக்மெயில் அதைப் பிரித்துப் பார்க்காது, மூட்டையாகவே பார்க்கும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல் ஒன்று நடக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் சரியாக மூன்று பைட். பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். ஆக ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் பிசகாமல் நான்கு எழுத்தில் அடங்குகிறது. உயிரும் மெய்யும் எல்லாம் '4, பெரிய கே, 6' என்றே தொடங்கும். நான்காவது எழுத்துதான் ஆளை அடையாளம் காட்டும். துணைக்காலும் இகரக் குறியும் அந்தக் கூட்டத்திலேயே சேரும். ஈகாரக் குறியிலிருந்து மற்ற குறிகளுக்கு '4, பெரிய கே, கூட்டல் குறி' தொடக்கம். புள்ளி என்றால் அதன்பின் ஒரு பெரிய என். சில வாரம் லாக் படித்தால் மூட்டையைப் பிரிக்காமலே தமிழ் படிக்கலாம். இடைவெளி வந்ததும் ஒரு பைட் நகர்ந்து வரிசை குலையும். மூன்று இடைவெளிக்கு ஒருமுறை பழையபடி நேராகும்.

இப்படி மூட்டையையே பொருத்தி விதி எழுத விரும்புகிறவர்கள் இரண்டு பள்ளங்களைக் கவனிக்க வேண்டும். புரோக்மெயில் தானாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது. பேஸ்64-ல் அந்த வேறுபாடுதான் உயிர். விதியின் தலையில் டி கொடி போடாவிட்டால் 'த'வும் 'ஊ'வும் ஒன்றாகிவிடும். ஒன்றின் நான்காவது எழுத்து சிறிய கே, மற்றதன் நான்காவது பெரிய கே. இரண்டாவது பள்ளம் இகரக் குறியில் இருக்கிறது. அதன் நான்காவது எழுத்து முன்சாய்கோடு. வேறு மொழிகளில் பழகிய கை அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோட்டைத் தானாகப் போடும். போட்டால் அது மேட்ச் மாறியின் வெட்டுக்கோடாகிவிடும். அது முன்சாய்கோட்டைப் பொருத்தாது; சொல்லின் நடுவே வந்தால் நிபந்தனையே பொருந்தாமல் போகும். வெர்போஸ் லாக்கில் பொருந்தாத நிபந்தனைகளையும் படிக்கும் பழக்கம் உள்ளவருக்குத்தான் இது கண்ணில் படும்.

நல்ல வழி, மூட்டையைப் பிரித்துவிடுவதுதான். பொருள் வரியைப் புரோக்மெயிலோடு வரும் ஃபார்மெயிலால் எடுத்து, பெர்லின் வாய்க்குள் கொடுத்து, பிரித்த தமிழை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அந்த மாறியின் மேல் நேரடியாகத் தமிழில் நிபந்தனை எழுதலாம். புரோக்மெயிலுக்கு எல்லாம் பைட்தான், தமிழ் என்று தடுக்காது. சதுர அடைப்புக்குள் மட்டும் தமிழ் எழுத்தை வைக்கக் கூடாது. அது எழுத்தைப் பைட் பைட்டாகப் பிய்த்துவிடும். மாற்றுச் சொற்களை வட்ட அடைப்புக்குள் நெடுங்கோடு போட்டுப் பிரித்தால் போதும். இதன் உண்மையான பலன் லாக்கில் கிடைக்கிறது. லாக்அப்ஸ்ட்ராக்ட்டை நிறுத்திவிட்டு, அனுப்பியவர், பிரித்த பொருள், விதியின் பெயர், ஃபோல்டர் என்று லாக் மாறியில் நானே எழுதிவிடுவேன். அப்போது லாக் கோப்பு முழுக்கத் தமிழில் படிக்கக் கிடைக்கும். 'ஏல அறிவிப்பு, தேதி பொருந்தியது, லாட் எண் கிடைக்கவில்லை' என்ற வரியை முதன்முதலில் என் திரையில் படித்தபோது அடைந்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. தமிழில் கணினி என்று பேசுகிறவர்கள் பொத்தானிலும் பட்டியிலும் தமிழ் வந்தால் போதும் என்று நிற்கிறார்கள். கணினி தன் காரணத்தைத் தமிழில் எழுத வேண்டும் என்பது என் ஆசை. இந்தப் பழைய நிரலில் அதை ஒரே மாறியால் செய்துவிடலாம்.

சீவ் என்ற வடிகட்டி மொழியின் அன்பர்கள் இந்த இடத்தில் புன்னகைப்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிம் ஷோவால்ட்டர் 2001-ல் எழுதிய ஆர்.எஃப்.சி. 3028 என்ற தர ஆவணத்தைப் படித்தால் அதன் ஒழுங்கு மனத்தைக் கவரும். அடிப்படை மொழியில் சுழற்சி கிடையாது, வெளி நிரலை அழைக்க முடியாது; ஆயிரம் பயனர்கள் எழுதினாலும் சேவையகம் கெடாது. தமிழ்ப் பொருள் வரியைத் தானே பிரித்துப் பார்க்கிறது. பேஸ்64 தொல்லை எதுவும் இல்லை. மாறிகள் மட்டும் அதில் பிறவியிலேயே இல்லை. 2008-ல் ஆர்.எஃப்.சி. 5229 என்று தனிச் சேர்க்கையாக வந்தன. லாக்கோ அந்த அடிப்படைத் தரத்தில் இன்றும் இல்லை. டவ்காட்டின் பிஜன்ஹோலில் ஸ்டீபன் போஷ் தம் சொந்தச் சேர்க்கையாகப் பிழைதேடும் லாக் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்; வேறு சேவையகத்துக்குப் போனால் அது கூட வராது. மாறி விருந்தாளி, லாக் அயலார் என்றிருக்கும் மொழியை நான் மதிப்பேன், அதில் வாழமாட்டேன். மெயில்டிராப் என்ற வடிகட்டியின் பிரியர்களுக்கும் ஒரு சொல். விதிக் கோப்பு முழுவதையும் முதலில் படித்து, இலக்கணப் பிழை இருந்தால் மடலைத் தொடாமல் வரிசையிலேயே நிறுத்திவைக்கும் சாம் வர்ஷாவ்சிக்கின் ஏற்பாடு புரோக்மெயிலிடம் இல்லாத நல்ல குணம். புரோக்மெயில் புரியாத வரியைத் தாண்டிப் போய்விடும். ஆனால் தாண்டியதை லாக்கில் எழுதிவிட்டுத்தான் தாண்டும்.

ஃபிலிப் கெந்தரின் நிலைதான் எனக்கு வருத்தம் தருவது. வான் டென் பெர்க்குக்குப் பின் புரோக்மெயிலைத் தாங்கிப் பிடித்தவர். 2001 செப்டம்பரில் வந்த 3.22 பதிப்புவரை அவர் உழைப்பு உண்டு. பிறகு சீவின் திருத்திய தரமான ஆர்.எஃப்.சி. 5228-ஐ 2008-ல் ஷோவால்ட்டரோடு சேர்ந்து தொகுத்தார். 2014-ல் ஓப்பன்பிஎஸ்டி தொகுப்பிலிருந்து புரோக்மெயிலை நீக்கிவிடுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். உள்ளே இருக்கும் நிரல் பாதுகாப்பானதல்ல என்பது அவர் வாதம். அதே ஆண்டிலும் 2017-லும் ஃபார்மெயிலில் நினைவகம் வழியும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவர் பயம் வீண் பயமில்லை. 2020-ல் வான் டென் பெர்க் திரும்பி வந்து பொறுப்பேற்று, 2022-ல் 3.24 பதிப்பை வெளியிட்டார். இருபது ஆண்டுக்கு மேல் ஒரு புதுப் பதிப்பும் இல்லாமல் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த நிரல் அது. கெந்தரின் எச்சரிக்கையை நான் தலைவணங்கி ஏற்கிறேன்: பழைய 3.22 வைத்திருப்பவர்கள் உடனே மாற்றுங்கள். ஆனால் நிரலைக் கைவிடுவதும் அதன் பழக்கத்தைக் கைவிடுவதும் வேறு வேறு. புரோக்மெயிலை விட்டுப் போனவர்களில் பலர் லாக் படிப்பதையும் விட்டுவிட்டார்கள். இழப்பு அங்கேதான்.

லாக் படிக்கும் பழக்கம் எனக்குக் கைகொடுத்த கதை ஒன்று உண்டு. போடிக்குப் பக்கத்தில் பொட்டிபுரம் இருக்கிறது. அந்தப் பெயரை வெளியுலகம் அறிந்தது நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால். சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்தத் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அம்பரப்பர் மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே காந்தமூட்டிய 50,000 டன் இரும்பு உணர்கருவி என்பது திட்டம். ஊர் எதிர்த்தது. வழக்குகள் வந்தன. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, 2018-ல் மீண்டும் அனுமதி வந்தது, 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்தவர் எல்லோருடைய அஞ்சல் பெட்டியும் இரண்டு தரப்பாலும் நிறைந்தது. 'நான் அனுப்பியதை நீ படிக்கவே இல்லை, எதிர்த்தரப்பு மடல்தான் உனக்கு வருகிறது' என்று நண்பர்கள் இரு பக்கமும் கோபித்துக்கொண்டார்கள். லாக்கை எடுத்துக் காட்டுவேன். எந்த நாள், எந்த நேரம், எந்த விதி, எந்த ஃபோல்டர் என்று இருக்கும். இரு தரப்புக்கும் ஒரே விதி என்பதும் அதில் தெரியும். பேச்சு அதோடு சமாதானமாகும்.

அந்த மலையின் உள்ளே விஞ்ஞானிகள் செய்ய நினைத்ததும் வடிகட்டும் வேலைதான். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட பாறை, விண்ணிலிருந்து பொழியும் மியூவான்களைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். மிஞ்சியவற்றில் எதைப் பதிவது, எதை விடுவது என்று உணர்கருவியின் மின்னணுவியல் நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டும். 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட பரம்பரையில் வந்தவர்களுக்கு இது பழகிய பாடம்: எதை விட்டோம் என்ற கணக்கு இல்லாவிட்டால் எதைப் பிடித்தோம் என்ற கணக்குக்கு மதிப்பில்லை. அறிவியலில் ஒத்துக்கொண்ட இந்த நியதியை நம் கடிதங்களுக்கு ஏன் கேட்கக் கூடாது?

இன்று கேட்பாரில்லை. கைப்பேசியில் அஞ்சல் வருகிறது, வராமல் போகிறது. ஒரு தோட்டக்காரரின் விலைக் கடிதம் ஒரு பெரிய இலவச சேவையின் குப்பைப் பெட்டியில் ஒரு மாதம் கிடந்து அழிந்ததை நான் அறிவேன். ஏன் அங்கே போனது என்று கேட்டால், இதைப் போன்ற மடல்கள் முன்பு குப்பையாக இருந்தன என்று ஒரு வரி கிடைக்கும். எந்த வகையில் போன்றது? எத்தனை மதிப்பெண்? யார் பொறுக்கியது? பதில் இல்லை. போடியிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் மின்திரைக்கு மாறியபின் வியாபாரத்தின் பாதி மடலிலும் குறுஞ்செய்தியிலும் நடக்கிறது. காணாமல் போகும் ஒரு மடலுக்கு அங்கே ரூபாய்க் கணக்கு உண்டு.

குற்றம் பெரிய சேவைகள் மேல் மட்டும் இல்லை. சொந்தச் சேவையகம் வைத்திருப்பவர்களின் கோப்புகளிலும் தரம் இறங்கிவிட்டது. விதி ஐம்பது, லாக்ஃபைல் வரி ஒன்றும் இல்லை. குப்பை என்று தோன்றியதெல்லாம் நேரே டெவ்-நல்லுக்கு. அந்தப் பள்ளத்தில் விழுந்ததை மீட்க முடியாது. லாக்கும் இல்லாவிட்டால் விழுந்ததே தெரியாது. தானியங்கிப் பதில் விதியில் ஃப்ரம்-டீமன் நிபந்தனை இல்லை, எக்ஸ்-லூப் இல்லை. இரண்டு சேவையகங்கள் ஒன்றுக்கொன்று நன்றி சொல்லிக்கொண்டே இருக்கும். ஃபோல்டருக்கு எழுதும் விதியில் இரண்டாவது முக்காற்புள்ளி இல்லை. பூட்டு இல்லாமல் இரண்டு மடல்கள் ஒன்றில் ஒன்று கலக்கும். இவை எல்லாம் கையேட்டில் இருப்பவைதான். படிக்க ஒரு மாலை போதும்.

இதைப் படிப்பவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த நிரல் வைத்திருந்தாலும் சரி, இன்று இரவே அதில் லாக்கைத் திறந்துவிடுங்கள். டெவ்-நல் என்று இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு ஃபோல்டர் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு விதிக்குள்ளும் அதன் காரணத்தை உங்கள் சொல்லில், தமிழிலேயே, ஒரு வரி எழுதுங்கள். புரோக்மெயிலில் லாக்அப்ஸ்ட்ராக்ட்டை நிறுத்தாதவர்கள் மெயில்ஸ்டாட் என்ற கருவியால் கூட்டியும் பார்க்கலாம்; வாரம் ஒருமுறை உங்கள் லாக் வரிகளை ஒரு கப் காபியோடு படியுங்கள். ஒரு மாதம் இப்படிப் படித்தவர் பிறகு காரணம் சொல்லாத வடிகட்டியை ஒருநாளும் ஏற்றுக்கொள்ளமாட்டார்.